நிவேதாவின் பச்சை வட்டம்

சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

கிரிஜா மேடம் தன் போனை என் மேசையில் வைத்துவிட்டு, எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் ஒரு வெள்ளைப் பக்கம். நடுவில் சின்ன வளையம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எப்பம்மா நிக்கும்? நான் டீ குடிச்சிட்டு வரட்டுமா, இல்ல சாப்பிட்டுட்டே வரட்டுமா?"

பாபு சார் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில், டயர் கடைக்கு மேலே இருக்கிற எங்கள் ஆபீசுக்கு அவர்தான் முதலாளி. சிப்காட்டில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது எங்கள் வேலை. கிரிஜா மேடம் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவுக்குத் தலைமை. அவர்களுடைய ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாகை வெப்சைட்டில் ஏற்றியவள் நான்.

"மேடம், ஆபீஸ் வைஃபை இன்னிக்கு கொஞ்சம் டல்லு..." என்று பாபு சார் ஆரம்பித்தார்.

"என் டீலருங்க எல்லாரும் உங்க வைஃபைலயா பாபு வந்து பாக்கறாங்க?"

பக்கம் ஒருவழியாகத் திறந்தது. போர்வெல் மோட்டார் ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட படம். மேலிருந்து கீழே ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக மிதக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும். மெக்கானிக் அந்த எண்ணைச் சொன்னால் போதும், கம்பெனியில் அந்தப் பாகத்தை எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மேடம் விரலால் படத்தைத் தள்ளினார். போன் திணறியது.

"அடுத்த வாரம் வரேன். இது ஓடணும். ஓடலைன்னா வேற ஆள பாத்துக்கறேன்."

அவர் போன பிறகு பாபு சார் என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். "நிவேதா, நீயும் கொஞ்சம் இதுல உக்காரும்மா" என்றார்.

ஒரு வளைவுக்குள் எத்தனை துண்டு

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன்.

வெக்டர் படம் என்பது கோடுகளைக் கணக்காகச் சொல்லும் படம். இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி என்று பிரவுசருக்குக் கட்டளை போகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. கம்பெனிகளில் இன்ஜினியர்கள் கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் வரைந்ததை எஸ்விஜி ஃபைலாக மாற்றி நமக்குக் கொடுப்பார்கள். அங்கேதான் வினை. நம் கண்ணுக்கு ஒரு வளைவாகத் தெரிவது, அந்த ஃபைலுக்குள் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி நேர்கோடுகளாகக் கிடக்கும். ஒரு பாகத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாகத்தின் கோடும் உள்ளே இருக்கும். ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முறைகூட இருக்கும். போன் இவை அத்தனையையும் படித்து, அத்தனையையும் வரைந்து முடிக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு படத்தையும் திறந்து கையால் சுத்தம் செய்தேன். மறைந்த கோடுகளை அழித்தேன். துண்டுகளைச் சேர்த்து ஒரே வளைவாக்கினேன். தேவையில்லாத புள்ளிகளை எடுத்தேன். ஒரு படத்துக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். முடித்ததும் பழையதில் பத்தில் ஒரு பங்குகூட ஃபைல் எடை இருக்காது. பெரிதாக்கினால் கத்தியால் கீறியது மாதிரிக் கோடு நிற்கும். ஆனாலும் சாதாரண போனுக்கு அதுவும் கனம்தான்.

இதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். நான் கல்லாவி என்கிற ஊர்ப்பக்கம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து வரும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் வராது. கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில் மவுசைப் பிடித்து ஒரு வட்டம் வரைந்த அன்றைக்கே இதில் நான் கெட்டிக்காரி ஆவேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனேன். ஆபீசில் என்னை யாரும் முழுப் பெயர் மாதேஸ்வரி என்று கூப்பிட்டதில்லை. "வெக்டர் மாது" என்றுதான் பெயர்.

நிவேதா வந்து சேரும் வரைக்கும் அந்த ஆபீசில் நான்தான் கெட்டிக்காரி.

நிவேதா

நிவேதாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது ஓசூரில், படித்தது இங்கிலீஷ் மீடியத்தில். குடியிருந்த காலனியில் விளையாடியே கன்னடமும் தெலுங்கும் வந்துவிட்டன. பெங்களூர் கஸ்டமர் போன் செய்தால் அவரோடு கன்னடத்தில் சிரிப்பாள். வைத்த உடனே இங்கிலீஷில் மெயில் அடிப்பாள். அடித்துக்கொண்டே என்னிடம், "மாது, உங்க டிபன்ல என்ன?" என்பாள். என் வாயில் இங்கிலீஷ் வருவதற்கு முன்னால் தொண்டையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். அவளுக்கு எதுவும் நிற்பதில்லை.

அவளுடைய அப்பா அவளுக்கு வேலையில் வருகிற சந்தேகங்களைப் போனில் தீர்த்து வைப்பார். என் அப்பா போன் செய்தால் கேட்பது ஒன்றுதான்: "சாப்புட்டியா, கண்ணு? மழ கீதா அங்க?"

பாபு சார் சொன்னதும் நிவேதா என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். என் படங்களைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய் ஏதோ நான்கு வரி ஸ்கிரிப்ட் அடித்தாள். டீ வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் கேட்டலாகின் அத்தனை படங்களும் வெப்-பி ஃபைலாக மாறியிருந்தன. வெப்-பி என்பது சுருக்கிய படம். அதில் கோடு என்று எதுவும் இல்லை, புள்ளிகள்தான். சின்ன போனுக்குச் சின்னப் படம், பெரிய திரைக்குப் பெரிய படம், கீழே இழுத்தால்தான் அடுத்த படம் இறங்கும். எல்லாவற்றையும் அந்த நான்கு வரியே பார்த்துக்கொண்டது.

வேகத்தைச் சோதிக்கும் தளத்தில் எங்கள் பக்கத்தைக் கொடுத்தாள். என் பக்கத்துக்கு எப்போதும் சிவப்பு வட்டமும், நல்ல நாளில் ஆரஞ்சு வட்டமும் வரும். அவளுக்குப் பச்சை வட்டம் வந்தது.

"ஏய்! பச்சை!" என்று பாபு சார் கைதட்டினார். டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். "மாது, பாத்தியாம்மா? ஒரு டீ டைம்ல முடிச்சிட்டா!"

"பாத்தேன் சார்."

பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். அவள் எந்தக் கீயை அழுத்துகிறாள், ஸ்கிரிப்டில் தரத்துக்கு என்ன எண் போடுகிறாள், எந்த அளவில் வெட்டுகிறாள், எல்லாமே பார்த்தேன். என் கழுத்து அந்தப் பக்கம் சாய்ந்தே இருந்ததில் பிடித்துக்கொண்டது. அவளுடைய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு குறை தேடினேன். எண்களின் ஓரத்தில் அழுக்குத் துடைத்த மாதிரி ஒரு மங்கல் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

"சார், எண் மங்குது. பெருசு பண்ணா படிக்க முடியல" என்றேன்.

நிவேதா திரும்பிப் பார்த்தாள். "உங்க படம் தெறக்குறதுக்குள்ள மோட்டாரே துருப்பிடிச்சிரும், மாது."

பாபு சார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

மேடம் வைத்த பரீட்சை

அடுத்த வாரம் கிரிஜா மேடம் வந்தபோது இரண்டையும் காட்டினோம். ஒரே மோட்டார் மாடல், இரண்டு பக்கம். ஒன்று நான் சுத்தம் செய்த எஸ்விஜி, இன்னொன்று நிவேதாவின் வெப்-பி.

மேடம் பச்சை வட்டத்தைப் பார்த்து மயங்கவில்லை. "நாட்றாம்பாளையத்துல மாதையன்னு எங்க மெக்கானிக் ஒருத்தர் இருக்கார். மோட்டார் ரீவைண்டிங் கடை. அவரு போன்ல இந்தப் பக்கம் தெறக்கணும். அதப் பாத்து அவரு சரியான பார்ட்ட ஆர்டர் போடணும். அவரு போட்டா எல்லாரும் போடுவாங்க. ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

பிறகு சாதாரணமாக, டீ கிளாசைக் கீழே வைத்துக்கொண்டே, இன்னொன்றும் சொன்னார்.

"கேட்டலாக் பாத்துக்கறதுக்குன்னே எங்க ரோல்ல ஒரு ஆள் எடுக்கறோம். உங்க ரெண்டு பேருல ஒருத்தர எடுத்துக்கலாம்னு பாபுகிட்ட பேசிட்டேன். அங்க என்ன நடக்குதுன்னு பாத்துட்டு சொல்றேன்."

கம்பெனி ரோல் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. காண்ட்ராக்ட் இல்லை, கம்பெனியே நேராகச் சம்பளம் கொடுக்கும். கழுத்தில் கம்பெனி கார்டு. வீட்டு முனையில் கம்பெனி பஸ். கேன்டீன் சாப்பாடு. இதையெல்லாம் விட எனக்கு வேண்டியிருந்தது ஒன்று. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவால் ஊரில் யாருக்கும் சொல்ல முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல கோடு அழிக்கறா" என்று கல்லாவி சந்தையில் அம்மா சொல்லப்போய், "அதுக்கா காலேஜுக்கு அனுப்பிச்ச?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆனால் அந்த பம்ப் கம்பெனியின் பெயரும் படமும் எங்கள் ஊரில் பாதி சுவரில் இருக்கிறது. அம்மா விரலை நீட்டிக் காட்டினால் போதும்.

நிவேதாவுக்கு அந்த வேலை எதற்கு என்றுதான் நான் யோசித்தேன். அவளுக்குத்தான் எல்லாம் இருக்கிறதே.

நாட்றாம்பாளையம்

தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். காட்டு ரோட்டில் பஸ் திரும்பத் திரும்ப நிவேதாவின் முகம் வெளுத்தது. என்னிடம் எலுமிச்சம்பழம் இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு வளைவு யோசித்தேன். பிறகு கொடுத்தேன்.

மாதையன் அண்ணன் கடையில் இல்லை. ஊர் முனையில், பள்ளிக்கூடச் சுவரின் மூலையில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனிப் பொண்ணுங்களா? வாங்க, வாங்க. இங்கதான் சிக்னலு. அங்க நீங்க நிக்கறீங்க பாரு, அங்க இல்ல."

நிவேதா ஒரு அடி எடுத்து வைத்து, "அண்ணா, தோட்டதல்லி சிக்னல் பரல்வா?" என்று கன்னடத்தில் கேட்டாள். காட்டுப்பக்கம், அதாவது வயல் பக்கம், சிக்னல் வராதா என்று. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. வீட்டில் அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள். அதன் பிறகு இருவரும் பேசிய பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது. நான் அங்கே லேப்டாப் பையைச் சுமந்து வந்த ஆள் மாதிரி நின்றேன்.

அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே ஒரு வேலை இருந்தது. கெம்பம்மா என்ற பெண்ணின் ராகிக் காட்டில் போர்வெல் மோட்டாரை மேலே தூக்கிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு புஷ் தேய்ந்துபோயிருந்தது. புஷ் என்பது ஷாஃப்டைத் தாங்கும் வளையம். அதே மாடலில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு புஷ் உண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. எண் மாறினால் பொருந்தாது.

"எது வேணும்னு இப்பவே பாத்துரலாம்" என்றார் மாதையன் அண்ணன்.

முதலில் என் பக்கம். வளையம் சுற்றியது. சுற்றியது. ஆனால் திறந்தது. அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். கோடு கோடாகவே நின்றது. "அட, பளிச்சுனு கீதே!" என்றார். நான் நிவேதாவைப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளுடைய பக்கம். தொட்டதும் திறந்தது. "ஓ! சூப்பரு!" என்றார். இப்போது நான் அதே சுவரைப் படித்தேன்.

அவர் இரண்டையும் அப்படியே முழுப் படமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார். போனைப் பாக்கெட்டில் போட்டார். வண்டியைத் திருப்பினார்.

"எங்கண்ணா போறீங்க?"

"காட்டுக்கு. அங்கதான மோட்டாரு கீது. புஷ்ஷ கையில வெச்சி படத்தோட பாக்கணும்ல? அங்க சிக்னலு இல்ல, அதான் புடிச்சிகினு போறேன். எப்பவும் அப்படித்தான்."

நானும் நிவேதாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் ஆபீசில் யாருமே அதை யோசித்திருக்கவில்லை. பக்கத்தைத் திறந்தவர் அந்தப் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார் என்றுதான் நாங்கள் இத்தனை நாளாக ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டிருந்தோம்.

கெம்பம்மாவின் காட்டில்

காட்டில் பைப்புகள் வரிசையாகக் கிடந்தன. கெம்பம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். ராகிப் பயிர் நுனியில் சுருண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "யாரு இவங்க? மோட்டாருக்கு டாக்டருங்களா?" என்று கேட்டார்.

மாதையன் அண்ணன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். முதலில் என் படம். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். என் கத்திக் கோடுகள் பஞ்சாகிப் போயிருந்தன. வெக்டர் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது என்று மேலே எழுதினேன் அல்லவா? அது பிரவுசருக்குள் இருக்கும் வரைதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்த நொடியில் அதுவும் வெறும் புள்ளிதான், அந்தச் சின்னத் திரையில் எத்தனை புள்ளி உண்டோ அத்தனை மட்டும்.

"இது முப்பத்தாறா, முப்பத்தெட்டா?" என்றார்.

"நிவேதா படத்தப் பாருங்கண்ணா" என்றேன். அதில் இன்னும் மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதில் ஆறும் எட்டும் கொழுக்கட்டை மாதிரி இருந்தன.

"முப்பத்தெட்டுனே போடறேன். போன வருசமும் இதான் போட்டேன்னு நெனப்பு" என்றார் அவர். போன வருடம் இவருக்குத் தவறான புஷ் வந்து திருப்பி அனுப்பியதாக மேடம் எங்களிடம் சொல்லியிருந்தார்.

கெம்பம்மா எழுந்து வந்தார். "ஏன்ம்மா, ரெண்டு பேரும் எவ்ளோ படிச்சிருக்கீங்க?"

சொன்னோம்.

"அவ்ளோ படிச்சிட்டு ஒரு நம்பரு சொல்லத் தெரியல? என் பயிரு வாடிகினு கீது. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கறீங்க!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில் நிவேதாவிடம் திரும்பி, "நான் அன்னிக்கே எண் மங்குதுன்னு சொன்னேன்" என்றேன்.

"ஒங்க படம் மட்டும் என்ன வாழுதாம்?"

"என் கோட்டப் பாத்தியா? அழிக்க வேண்டியத அழிச்சி, ஒவ்வொரு புள்ளியா..."

"அந்தக் கோட்டுலதான நானும் படம் எடுத்தேன்!" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு அப்பா ஊர்ப் பேச்சு வந்துவிடும். "கேட்லருந்து வந்தத நேரா மாத்தினா கரியப் பூசின மாதிரி வருது. நீங்க சுத்தம் பண்ணி சர்வர்ல வெச்சிருந்தியள்ல, அத எடுத்துதான் மாத்துனேன். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாத்துருக்கேன். எந்தக் கோட்ட அழிச்சிய, எத விட்டியன்னு எனக்கு ஒங்களவிட நல்லா தெரியும். போதுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பச்சை வட்டம் என் கோட்டின்மேல் நின்றிருக்கிறது! பாபு சார் கைதட்டியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இவ்வளவு ஆத்திரத்துக்கு நடுவில் இன்னொன்றும் மண்டையில் உறைத்தது. நான் அவளுடைய ஸ்கிரிப்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்ட நாட்களில், இவள் என் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சண்ட முடிஞ்சா சொல்லுங்க" என்றார் மாதையன் அண்ணன். "ஆர்டர் போடணும்."

"போடாதீங்கண்ணா" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மூன்று நிறம்

அவருடைய ரீவைண்டிங் கடையில் கரண்ட் இருந்தது. லேப்டாப்பைச் செப்புக் கம்பிச் சுருளுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்தேன்.

முழு மோட்டாரையும் ஒரே படத்தில் காட்டுவதுதான் தப்பு என்றேன். அவர் முழுப் படத்தைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறார் என்றால், முழுப் படமே கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்க வேண்டும். மோட்டாரைத் தலை, நடு, அடி என்று மூன்றாக வெட்டினேன். எண் வட்டங்களைப் பெரிதாக்கினேன். கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன். கோடு சுத்தமாக இருந்ததால் தடிப்பாக்கியும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

"பெருசா வெச்சா எடை கூடும்" என்றாள் நிவேதா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"தெரியும்."

"படத்துல எத்தன கலர் இருக்கு?"

வெள்ளை, கருப்பு, எண் வட்டத்துக்குச் சிவப்பு.

"மூணே கலருக்கு வெப்-பி எதுக்கு? பிஎன்ஜி போடுங்க. கலர் எண்ணிக்கையக் கொறச்சிட்டா எடையே இருக்காது, ஓரமும் மங்காது. அவரு பழைய போன்ல கேலரிலயும் வரும். என் படத்த அவரு சேவ் பண்ணிப் பாத்தாரு, வரல. கவனிச்சியளா?"

நான் கவனிக்கவில்லை. அந்த யோசனையும் எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். புகைப்படத்துக்கு ஒரு சுருக்கம், கோட்டுப் படத்துக்கு வேறு சுருக்கம் என்பது என் வேலையின் அரிச்சுவடி. பச்சை வட்டத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதை மறந்திருந்தேன். அவள் வாயில் அது அவ்வளவு சுலபமாக வந்தது.

"தள்ளுங்க, நான் ஸ்கிரிப்ட் போடுறேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அவளுடைய நான்கு வரியையும் நானே அடித்தேன். கடைசி வார்த்தையைப் பிஎன்ஜி என்று மாற்றினேன். அவள் குனிந்து வரி வரியாகப் படித்தாள். பிறகு, "ரெண்டாவது வரியில ஒரு கமா விட்டுட்டிய" என்றாள்.

பள்ளிக்கூட மூலையில் ஏற்றினோம். அங்கேயே மாதையன் அண்ணன் போனில் திறந்தது. மூன்று படத்தையும் அழுத்திப் பிடித்துச் சேவ் செய்தார். காட்டுக்குப் போனோம். தேய்ந்த புஷ்ஷை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, "முப்பத்தாறு" என்றார். ஒரு நொடி கழித்து, "நான் முப்பத்தெட்டுன்னேனே?" என்றார். "சரி, உங்க படம்தான் சரி."

கெம்பம்மா போனை வாங்கிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் பார்த்தார். "இது நம்ம மோட்டாரா? வயித்துக்குள்ள இவ்ளோ கீதா!" என்றார். எங்களைத் திட்டியதற்கு வருத்தம் எதுவும் சொல்லவில்லை.

மூலைக்குத் திரும்பி வந்து மாதையன் அண்ணன் கிரிஜா மேடத்துக்குப் போன் போட்டு ஆர்டர் சொன்னார். ஸ்பீக்கரில் மேடம் குரல் கேட்டது.

"யாரு பண்ண படத்தப் பாத்து போட்டீங்க?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கம்பெனி பஸ் தெரிந்தது. சுவரில் அந்தப் பெயரும், அதைக் காட்டும் அம்மாவின் விரலும் தெரிந்தன.

"யாருதுன்னு தெரியல மேடம். ரெண்டு பேரும் சண்ட போட்டுகினே பண்ணாங்க."

கம்பெனி பஸ்

மேடம் நிவேதாவை எடுத்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். "படம் யாரு வேணா சுத்தம் பண்ணலாம், உன் அளவுக்கு யாரும் பண்ண மாட்டாங்க, அது வேற. ஆனா டீலருல பாதிப் பேரு ஆனேக்கல், கனகபுரா பக்கம். போன் எடுத்தா கன்னடம் பேசணும். நீ பேசுவியாம்மா?"

"கத்துக்குவேன் மேடம்."

"கத்துக்கோ. ஆனா எனக்கு திங்கக்கிழமையே ஆள் வேணும்."

அதில் எந்த நியாயக் குறைவும் இல்லை. நியாயம் இருந்தால் எரியாது என்று யார் சொன்னது? தினமும் காலையில் கம்பெனி பஸ் எங்கள் டயர் கடையைத் தாண்டித்தான் போகும். நிவேதா ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டுவாள். நானும் காட்டுவேன். பிறகு மாடியேறி, கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாக அவளுடைய கேட்டலாக் பக்கத்தைத் திறப்பேன். எந்தப் படம் புதிது, என்ன எடை, எப்படி வெட்டியிருக்கிறாள் என்று பார்ப்பேன். ஒரு படம் என்னுடையதைவிட லேசாக இருந்தால் அன்றைக்கு டீ கசக்கும். எப்படிச் செய்தாள் என்று கண்டுபிடிக்கும் வரைக்கும் விடமாட்டேன். கண்டுபிடித்ததை எங்கள் மற்ற கஸ்டமர்களின் பக்கங்களில் போட்டுவிடுவேன். மேஸ்திரி கருவிக் கடை, தளி ஊர் ரோஜாத் தோட்டம், வாஷர் கம்பெனி என்று ஒவ்வொன்றாகப் பச்சை வட்டம் வந்தது. பாபு சார் கைதட்டினார். கீழே டயர் கடைக்காரரிடம் கன்னடமும் பேசிப் பழகினேன். அவர் சிரிப்பார், பேசினேன்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னபோது, "அந்தப் பொண்ணு உன்னவிட கெட்டிக்காரியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் மொகம் இப்படி கீது?"

நான் முகம் கழுவ எழுந்து போனேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், நிவேதாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும். நான் செய்த ரோஜாத் தோட்டப் பக்கம். அதில் கடைசி மூலையில் ஒரு சின்ன இலைப் படம், சுருக்காமல் அப்படியே எஸ்விஜியாக விட்டிருந்தேன். அதைச் சுற்றி அவள் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அந்த இலையைத் திரும்பப் பார்த்தேன். அது பக்கத்தின் கடைக்கோடியில் இருக்கிறது. பூ வாங்க வருகிற யாரும் அவ்வளவு தூரம் கீழே போகமாட்டார்கள். அங்கே வரைக்கும் போய், அந்த இலையின் எடையைப் பார்த்திருக்கிறாள் என்றால், மேலே இருக்கும் ஒவ்வொரு படத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறை தேடியிருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காமல் கீழே கீழே போயிருக்க வேண்டும். கம்பெனி கார்டை மாட்டிக்கொண்டு, கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து என் பக்கத்தை எடை போட்டிருக்கிறாள்.

எனக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். அதை நான் தினமும் காலையில் செய்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரைப் பார்த்தும் யாரும் பொறாமைப்பட்டதில்லை. பொறாமைப்படும்படி எங்களிடம் என்ன இருந்தது? அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை விஷயம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அம்மா, "என்ன, கொரலு இவ்ளோ தெளிவா கீது?" என்றாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இரண்டு. ஒன்று தொழிலைப் பற்றியது. படம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று பார்த்ததும் எழுந்துவிடாதீர்கள். திறந்தவர் அதை எங்கே எடுத்துக்கொண்டு போகிறார் என்று கூடவே போய்ப் பாருங்கள். கோட்டுப் படத்துக்கு நிறத்தைக் குறையுங்கள். எண்ணைப் பெரிதாக வையுங்கள். சுருக்குவதற்கு முன்னால் கோட்டைச் சுத்தம் செய்யுங்கள். அதைச் செய்யாமல் எந்த ஸ்கிரிப்டும் உங்களைக் காப்பாற்றாது. மற்றொன்று, உங்களைவிட நன்றாகச் செய்கிறவள் பக்கத்து நாற்காலியில் இருந்தால், வயிறு எரியட்டும், அணைக்க வேண்டாம். கண்ணை மட்டும் அவள் கையிலிருந்து எடுக்காதீர்கள்.

அந்த இலையைச் சுருக்கி ஏற்றிவிட்டேன். பிறகு நிவேதாவின் கேட்டலாகைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், சுருக்காமல் விட்ட ஒரு வாஷர் படம் கிடைத்தது. சிவப்பில் ஒரு வட்டம் போட்டு அவளுக்கு அனுப்பினேன்.